ராஜா ஊரில் இருக்கும்போது யாரும் சாகக்கூடாது

மீன்வால் தீவில் ராஜா தங்கியிருக்கும் நாட்களில் யாரும் சாகக்கூடாது. இது சட்டமாக இருந்திருந்தால் ஒருத்தராவது மீறிப் பார்த்திருப்பார்கள். வழக்கமாகப் போய்விட்டது. அதனால் சாகக் கிடப்பவர்கள்கூட நாள் பார்த்துத்தான் செத்தார்கள்.

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ராஜா கடல்வழியாக வருவார். வானத்து அரசாங்கம் அனுப்பிவைக்கும் தெய்வம் அவர். தீவில் நோய்நொடி எப்படி, நடத்தை எப்படி என்று ஒரு வாரம் விசாரிப்பார். கடைசி நாளில் ஊரின் பீடைகளையெல்லாம் ஒரு மரக்கப்பலில் ஏற்றிக்கொள்வார். கப்பலை மணலில் வைத்துக் கொளுத்திவிட்டால் அவர் புறப்பட்டதாக அர்த்தம். அதுவரைக்கும் கோவில்தான் தர்பார். விழாக்குழுக்காரர்கள் நீல அங்கியும் கூம்புத் தொப்பியும் மாட்டிக்கொண்டு அதிகாரிகள் ஆகிவிடுவார்கள். பன்றிக்கறிக் கடை ஹோங் சுய்லியோங்தான் தலைமை அதிகாரி. எத்தனை விழாவாக என்று அவருக்கே மறந்துவிட்டது. முடிவெட்டும் பான் வாசல் அதிகாரி. நேற்றுவரை "காதோரம் கொஞ்சம் குறைக்கட்டுமாண்ணே" என்று கேட்ட பான், அங்கி ஏறியதும் ஆட்களை நெற்றிக்கு மேலே பார்த்துப் பேசுவார்.

கோவில் முகப்பில் ஒரு சிவப்புப் பலகை தொங்கும். 'ராஜா தங்கிய நாட்களில் இத்தீவில் அறுபது ஆண்டுகளாக ஒரு சாவும் இல்லை' என்று தங்க எழுத்து. இந்தச் சாதனையின் ரகசியம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். விழாவுக்கு முந்தின வாரம், இழுத்துக்கொண்டு கிடப்பவர்களைப் படகேற்றி அக்கரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போய்ச் செத்தால் அது அந்த ஊர்ச் சாவு.

குவே லாம்சான் அப்படி இழுத்துக்கொண்டெல்லாம் கிடக்கவில்லை. துறையில் நாற்பது வருஷம் மீன் இறக்கிய உடம்பு. ராஜா கரையேறிய அன்று காலையில், ஊறவைத்த முள்ளங்கியைக் கடித்துக்கொண்டு கஞ்சி குடித்தார். ஊர்வலம் பார்ப்பதற்காகப் பிரம்பு நாற்காலியை வாசலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பல்லக்கு தண்ணீரை விட்டு ஏறியதும் ஊரே அதிர வெடி போட்டார்கள். வெடிச்சத்தம் அடங்கியபோது கிழவரும் அடங்கியிருந்தார்.

அவருடைய மகன் ஆதுன் துறைமுகத்து ஐஸ் ஆலையில் வேலை பார்ப்பவன். யார் குரலை உயர்த்தினாலும் தானே ஏதோ தப்பு பண்ணிவிட்டதாக நினைத்துக்கொள்ளும் ரகம். அப்பாவின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, அழுவதற்கு வாயைத் திறந்தான். அவன் மனைவி சியுபி அந்த வாயைப் பொத்தினாள்.

"இப்ப அழுதா பல்லக்கு நின்னுடும்யா. அப்புறம் நம்மள உயிரோட எரிப்பாங்க. முதல்ல கோவிலுக்குப் போய்ச் சொல்லிட்டு வா."

கிழவர் மகனிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான், அதையும் வருஷத்துக்கு நாலு தடவையாவது கேட்பார். "செத்தா உடனே எடுத்துருடா. உங்கம்மா பக்கத்துல வச்சுரு. நாற்பது வருஷம் மீன் நாத்தத்துலயே கெடந்துட்டேன். நானும் நாறிப் போனேன்னு ஊர்ல பேச்சு வரக்கூடாது." சொல்லிவிட்டுச் சிரிப்பார். விளையாட்டாகச் சொல்கிறார் என்றுதான் ஆதுன் அப்போதெல்லாம் நினைத்திருந்தான்.

கோவில் வாசலில் பான் குறுக்கே ஒரு கோலை நீட்டினார்.

"ராஜா ஓய்வெடுக்கறார். அப்புறம் வா."

"பான் அண்ணே, எங்கப்பா..."

"இங்க அண்ணனும் கிடையாது தம்பியும் கிடையாது. வாசல் அதிகாரின்னு கூப்பிடு."

"வாசல் அதிகாரி அண்ணே, எங்கப்பா செத்துட்டாரு."

பான் கோலைக் கீழே போட்டுவிட்டு ஆதுனின் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். அவ்வளவு விரைவாக அந்த வாசலுக்குள் யாருமே அனுமதிக்கப்பட்டதில்லை.

தலைமை அதிகாரி ஹோங் ஏ.சி. அறையில் வேர்க்கடலை மிட்டாய் தின்றுகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் மென்றதை விழுங்கி, வாயைத் துடைத்து, எழுந்து நின்றார். எழுந்து நின்றால் அது உரை.

"ஆதுன், நல்லா கேட்டுக்க. இந்தத் தீவுல அறுபது வருஷமா ராஜா முன்னாடி எவனும் சாகலை. எங்கப்பா காலத்துலயும் சாகலை, என் காலத்துலயும் சாகலை. அக்கரையிலேருந்து டிவிக்காரங்க வந்து அந்தப் பலகையைப் படம் எடுத்துட்டுப் போயிருக்காங்க. உங்கப்பன் ஒருத்தன் மூச்சு விடாததுக்காக அத்தனை பேர் உழைப்பையும் கடல்ல கொட்டச் சொல்றியா? ஊர் முக்கியமா, உங்கப்பன் முக்கியமா?"

ஆதுன் யோசித்தான். கேள்வி அவ்வளவு கஷ்டமாக இல்லாததால் ஏதோ சூது இருக்கும் என்று பட்டது. "தெரியலைங்க" என்றான்.

"அதான். உனக்குத் தெரியாது. ராஜாவுக்குத் தெரியும்."

பிறைக்கட்டைகளைக் கொண்டுவந்தார்கள். பிறைநிலா வடிவில் இரண்டு மரத்துண்டுகள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குவிவு. தரையில் போட்டால், ஒன்று தட்டையும் ஒன்று குவிவுமாக விழுந்தால் ராஜா ஆமாம் என்கிறார். இரண்டும் குவிவு தெரிய விழுந்தால் இல்லை என்கிறார். இரண்டும் தட்டை தெரிய மல்லாந்து விழுந்தால் சிரிக்கிறார். 'லாம்சான் செத்துவிட்டானா?' என்று கேட்டு ஹோங் போட்டார். இரண்டும் மல்லாந்தன.

"பாத்தியா, ராஜா சிரிக்கறார்! சாவைக் கேட்டு எவனாவது சிரிப்பானா? உங்கப்பன் சாகலை. ஓய்வெடுக்கறான். கப்பல் எரிஞ்ச மறுநாள் வா, அப்ப பேசலாம். அதுவரைக்கும் வீட்ல அழுகைச் சத்தம் கேட்கக்கூடாது. வெள்ளைத் துணி கண்ல படக்கூடாது."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஆதுன் மருத்துவரைப் பார்த்தான். தீவின் ஒரே மருத்துவர். விழாவில் அவர் ராஜாவின் மூலிகை அதிகாரி. வந்தார், நாடி பார்த்தார், கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார், தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார்.

"சந்தேகமே இல்ல" என்றார்.

"அப்ப சொல்லிடலாமா டாக்டர்?"

"தொப்பி போட்டிருக்கறப்ப நான் டாக்டர் இல்லப்பா. ராஜாவோட அதிகாரி சாவுன்னு சொல்லக்கூடாது."

"இப்பதான் கழட்டியிருக்கீங்களே" என்றாள் சியுபி.

மருத்துவர் அவசரமாகத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அங்கே புரட்டாசி வெயில்போல ஒரு வெயில், கூடவே கடற்காற்றின் பிசுபிசுப்பு. மத்தியானத்துக்குள் என்ன ஆகும் என்று மீன் துறையில் பிறந்த எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆதுன் ஆலைக்கு ஓடினான். ஐஸ் அறையின் கதவில், ராஜாவின் முத்திரை குத்திய மஞ்சள் காகிதப் பட்டை ஒட்டியிருந்தது. ராஜாவின் விருந்துக்காக இருக்கிற ஐஸ் முழுவதையும் குழு எடுத்துக்கொண்டதாம். ஆலையின் முற்றத்திலேயே விருந்துச் சாமான்களைப் பரப்பியிருந்தார்கள். முழுப்பன்றிகள், இறால், கணவாய், மடவை மீன் முட்டை எல்லாம் ஐஸ் மலையில் ஒய்யாரமாகப் படுத்திருந்தன. ஹோங் நடுவில் நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலைவரே, ரெண்டு கூடை ஐஸ் மட்டும் குடுங்க. அப்பாவுக்கு."

"ஐஸ் எதுக்கு வைக்கறது?"

"கெட்டுப்போகாம இருக்கறதுக்கு."

"எது கெட்டுப்போகும்? செத்தது கெட்டுப்போகும். இதோ இந்தப் பன்னி செத்திருக்கு, அதனால ஐஸ். உங்கப்பன் உயிரோட இருக்கான். உயிரோட இருக்கறவன் மேல ஐஸைக் கொட்டினா சளி பிடிக்கும். பெத்த அப்பனுக்கு இப்படியா செய்வ? ராஜா காதுல விழுந்தா உன்மேலயே விசாரணை வரும்."

ஆதுன் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான். வழியெல்லாம் அந்தப் பன்றியின் நினைப்புதான். தன் அப்பாவைவிட ஒரு பன்றிக்கு இந்த ஊரில் செத்துப்போக உரிமை அதிகம் என்பது அவனுக்கு வலித்தது.

ஐஸ் கடைசியில் படகுக்காரர்களிடமிருந்து வந்தது. லாம்சானோடு மீன் இறக்கிய ஆட்கள், தங்கள் படகு அறைகளில் மிஞ்சிக் கிடந்ததைச் சுரண்டி, மிட்டாய்க் கூடைக்குள் மறைத்து, சியுபியிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். எதற்கென்று யாரும் கேட்கவில்லை. வீட்டுக்குள் கிழவரை நாற்காலியோடு மீன் கொட்டும் பெரிய தொட்டியில் இறக்கி, சுற்றிலும் ஐஸைப் போட்டு மூடினார்கள். சியுபி ஊதுவத்தியைக் கொத்துக் கொத்தாகக் கொளுத்தினாள். "மன்னிச்சுருங்க மாமா, மறுபடியும் மீனாட்டமே வச்சிட்டோம்" என்று சொல்லிக்கொண்டே கொளுத்தினாள்.

மறுநாள் பல்லக்கு தெருத்தெருவாகச் சுற்றியது. ஒவ்வொரு வீட்டு மூத்தவரும் ஊதுவத்தியோடு வாசலில் நின்று ராஜாவை வணங்க வேண்டும். லாம்சான் நிற்கவில்லை. மாலையில் பானும் இன்னும் இரண்டு அங்கிகளும் வந்துவிட்டார்கள்.

"குவே லாம்சான் ராஜாவை அவமதிச்சிருக்கான். தண்டனை கொண்டுவந்திருக்கோம்."

தண்டனை என்பது காகித விலங்கு. கழுத்து நுழைய ஓட்டை போட்ட சதுரக் காகிதப் பலகை. குற்றவாளி அதை மாட்டிக்கொண்டு திரிந்தால் பாவம் கழியும். கிழவருக்கு மாட்டுவதற்காக மூன்று பேரும் உள்ளே போனார்கள். கிழவர் ஐஸுக்குள் கழுத்துவரை புதைந்து, கண்மூடி உட்கார்ந்திருந்தார்.

"லாம்சான் மாமா, எழுந்திருங்க" என்றார் பான், மூக்கைப் பொத்திக்கொண்டு.

"சத்தமாச் சொல்லுங்க, காது கொஞ்சம் மந்தம்" என்றாள் சியுபி.

"எழுந்திருங்க மாமா!"

"இன்னும் சத்தமா."

பானின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் அங்கி அங்கிதானே. கிழவரின் தலையைத் தூக்கி விலங்கை மாட்டிவிட்டு, தண்டனை வாசகத்தை முழுதாக ஒப்பித்தார்: "இனியாவது சோம்பலை விட்டு, நேரத்துக்கு எழுந்து, ஒழுங்கா நடந்துக்கணும்." கிழவர் மறுத்து ஒன்றும் பேசவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பான் அறிவித்தார்.

அவர்கள் போனபின் ஆதுன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "தாங்க முடியலடி. நாளைக்குப் புகார் நாள்தானே? ராஜாகிட்டயே நேரா சொல்லிடறேன்."

விழாவின் நடுவில் ஒருநாள் தர்பாரின் கதவைத் திறந்து வைப்பார்கள். எந்தக் குடியானவனும் எந்த அதிகாரியைப் பற்றியும் ராஜாவிடம் முறையிடலாம். பெருமைக்குரிய ஏற்பாடுதான். அதில் இதுவரை யாரும் யாரைப் பற்றியும் முறையிட்டதில்லை என்பதைக் குழு ஒவ்வொரு விழாவிலும் தன் நேர்மைக்குச் சான்றாகச் சொல்லிக்கொள்ளும். காலையில் ஆதுன் போய் நின்றான். பான் கேட்டார்.

"பாதிக்கப்பட்டது யாரு?"

"எங்கப்பா."

"அப்ப அவர்தான் வரணும். உயிரோட இருக்கறவனுக்காக இன்னொருத்தன் முறையிட முடியாது. ராஜாவோட விதி. போ, போ."

ஆதுன் வீட்டுக்கு வந்து சொன்னான். சியுபி சமையலறையில் கத்தியோடு நின்றுகொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவரே வரணும்னு சொன்னானா?"

"ஆமா."

"சரி. அவரே வரட்டும்."

படகுக்காரர்கள் நாலு பேர் நாற்காலியைத் தூக்கினார்கள். கிழவருக்கு நல்ல சட்டை போட்டு, நாற்காலியோடு இடுப்பில் ஒரு துண்டால் கட்டியிருந்தார்கள். கழுத்தில் குழு மாட்டிய காகித விலங்கு அப்படியே இருந்தது. அதுதான் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. கடைத்தெருவில் ஆட்கள் வழி விட்டார்கள். காற்று எந்தப் பக்கம் அடித்ததோ அந்தப் பக்கத்து ஆட்கள் இன்னும் சீக்கிரமாக விட்டார்கள். ஆதுனுக்கு அவமானத்தில் உடம்பு கூசியது. எதை நடக்கவிடாதே என்று அப்பா கேட்டுக்கொண்டாரோ அதை ஊர் நடுவில் தூக்கிக்கொண்டு போகிறோமே என்றிருந்தது.

தர்பாரில் அப்போது அடுத்த விழாவுக்கான தலைமை அதிகாரியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டு மூத்தவர்கள் வரிசையாக வந்து பிறைக்கட்டை போடுவார்கள். யாருக்கு 'ஆமாம்' விடாமல் அதிகமாக விழுகிறதோ அவரை ராஜா தேர்ந்தெடுத்ததாக அர்த்தம். ஹோங் முதலில் போட்டு, வரிசையாக ஐந்து 'ஆமாம்' வாங்கிவிட்டு, மார்பை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். மற்றவர்களெல்லாம் வந்து, முழங்கால் உயரத்திலிருந்து பட்டென்று விட்டு, 'இல்லை' வாங்கிக்கொண்டு போனார்கள். அப்படி வேண்டுமென்றே 'இல்லை' விழவைக்கும் கைப்பழக்கம் தீவில் எல்லாருக்கும் உண்டு. ஹோங்கோடு பகைத்துக்கொண்டு யார் கறி வாங்குவது?

அந்த நேரத்தில்தான் நாற்காலி உள்ளே வந்தது. அங்கிகள் எல்லாம் ஒன்றாக மூக்கைத் தொட்டன.

"குவே லாம்சான் புகார் சொல்ல வந்திருக்காருங்க" என்றான் ஆதுன்.

ஹோங்கால் எழுந்திருக்கவும் முடியவில்லை, உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. "வாங்க லாம்சான் அண்ணே" என்றார் கடைசியில், பல்லைக் கடித்துக்கொண்டு. "உடம்பு தேறிட்டாப்புல இருக்கே. வீட்ல போய் நல்லா ஓய்வெடுங்க. புகார் அப்புறம் பாத்துக்கலாம்."

சடங்கை நடத்திய தாவோ மதக் குரு அக்கரையிலிருந்து வந்தவர். சளி அடைத்த மூக்கு. விதி என்றால் விதி என்று இருப்பவர். "போகக்கூடாது" என்றார். "தேர்வு நடக்கறப்ப உள்ள வந்த வீட்டு மூத்தவர் யாரா இருந்தாலும் கட்டை போடணும். ஒருத்தரை விட்டாலும் தேர்வு செல்லாது."

"அவருக்குக் கை தளர்ச்சி" என்றார் ஹோங். "மகன் போடட்டுமே."

"உயிரோட இருக்கறவருக்காக இன்னொருத்தர் போட முடியாது."

அந்த விதியை யார் மறுக்க முடியும்? காலையில்தான் வாசலில் நடைமுறைப்படுத்தியிருந்தார்கள். பான் கட்டைகளைக் கிழவரின் விரிந்த உள்ளங்கையில் வைத்தார். கை நாற்காலி விளிம்பிலிருந்து சரிந்தது. கட்டைகள் தரையில் உருண்டு நின்றன. ஒன்று தட்டை, ஒன்று குவிவு. ஆமாம்.

திரும்ப வைத்தார். ஆமாம். மூன்றாவது தடவையும் ஆமாம். ஊர்க்காரர்கள் கட்டை போடும்போது அவர்கள் விரலில் இருந்த ஜாக்கிரதை எதுவும் அந்தக் கையில் இல்லை. ஹோங்மேல் இருந்த பயம் லாம்சானுக்கு முதல் நாள் காலையிலேயே போய்விட்டிருந்தது. நான்கு. ஐந்து. தர்பாரில் ஒருத்தரும் மூச்சுவிடவில்லை. அதற்கு வேறு காரணமும் இருந்தது. ஆறாவது தடவை கட்டைகளில் ஒன்று சுழன்று சுழன்று, சாவகாசமாகக் குப்புற விழுந்தது. ஆமாம்.

"ராஜாவின் தேர்வு, குவே லாம்சான்" என்று குரு மணியை அடித்தார். "தலைமை நாற்காலியைக் காலி பண்ணுங்க."

ஹோங் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "இவனா? இவனா தலைவர்? செத்தவன்யா அவன்! மூக்கு இல்லையா உங்களுக்கெல்லாம்? செத்து மூணு நாளாச்சு!"

"யோசிச்சுப் பேசுங்க" என்றார் குரு. "ராஜா முன்னாடி சாவுன்னு சொல்றீங்க."

"யோசிச்சுத்தான் சொல்றேன்! பல்லக்கு ஏறினப்பவே செத்துட்டான். இந்த ஆதுன் பய அன்னிக்கே என்கிட்ட வந்து சொன்னான். நான்தான் வெளிய சொல்லாத, அழாத, ஐஸ் கிடையாதுன்னு..."

அங்கே நிறுத்திக்கொண்டார். கொஞ்சம் தாமதமாக.

அறுபது வருஷச் சாதனை இப்படித் தலைமை அதிகாரியின் வாயாலேயே, ராஜாவின் முன்னிலையில், மணிச்சத்தத்தோடு முடிந்தது. ஆதுன் அப்பாவின் கழுத்திலிருந்து காகித விலங்கை எடுத்தான். அந்தத் தலை அவன் தோளில் சாய்ந்தது. அவன் வாய்விட்டு அழுதான். மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் வந்தது. அழக்கூடாது என்று சொல்ல அங்கே எந்த அங்கிக்கும் வாய் வரவில்லை. சாவை அறிவித்தது மேலிடம்.

மத்தியானமே சவப்பெட்டி மலையேறியது. லாம்சானை மனைவியின் பக்கத்தில் வைத்தார்கள். தர்பாருக்குள் பிணம் கொண்டுவந்த குற்றத்துக்காக ஆதுனுக்கும் ஒரு காகித விலங்கு விதித்தார்கள். அவன் அதை மாட்டிக்கொண்டே பெட்டிக்குப் பின்னால் நடந்தான். சிவப்புப் பலகையை வர்ணம் பூசுவதற்கென்று இறக்கினார்கள். அது திரும்பி வந்தபோது அடியில் புதிதாக இரண்டு சொல் இருந்தது: 'தலைவர் நீங்கலாக.'

தேர்வை மாற்றச் சொல்லி ராஜாவிடம் எத்தனை தடவை கட்டை போட்டாலும் அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். அதனால் ஹோங் துணைத்தலைவர் ஆனார். கப்பல் கட்ட, மேளக்காரரை அமர்த்த, விருந்துக்குப் பன்றி பார்க்க, எதற்கும் தலைவரின் சம்மதம் வேண்டும் என்பது ஹோங் தாமே முன்பு போட்டுவைத்த விதி. ஆகவே மாதாமாதம் அங்கி மாட்டி, தொப்பி வைத்து, பின்னால் பான் குடை பிடிக்க, கொதிக்கும் வெயிலில் மூச்சிரைக்க மலையேறி, அந்தக் கல்லறை முன்னால் கைகூப்பி நிற்கிறார்.

ஆதுன் அங்கே அம்மா அப்பா கல்லறையின் நிழலில் ஐஸ் பெட்டியைப் போட்டு உட்கார்ந்திருப்பான். உள்ளிருந்து ஒரு குளிர்ந்த தேநீர் பாட்டிலை எடுத்துத் திறந்து, நிதானமாகக் குடித்துவிட்டு, ஹோங்கை நெற்றிக்கு மேலே பார்த்துச் சொல்வான்:

"தலைவர் ஓய்வெடுக்கறார். அப்புறம் வாங்க."